25 அடி தள்ளிப் போய்ப் புகைக்கச் சொன்னால், பூட்டிய வார்டில் இருப்பவர் எங்கே போவார்?

2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து, நம் நாட்டில் மாமாக் கடைக்குப் போகும் புகைப்பவர்களுக்கு ஒரு கணக்கு மனப்பாடம். மேசையை விட்டு எழுந்து, மூன்று மீட்டர் தள்ளிப் போய், சாலையோரம் நின்று புகைத்துவிட்டு, ஆறிப்போன தே தாரேக்குத் திரும்பி வரவேண்டும். முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். அந்த விதி நடைமுறையில் நின்றதற்குக் காரணம், எழுந்து போக யாருக்கும் தடை இல்லை என்பதுதான்.

அதே விதியைக் கதவு பூட்டப்பட்ட ஒரு கட்டடத்துக்குப் பொருத்திப் பாருங்கள். மனநல மருத்துவமனைகளின் பாதுகாப்பு வார்டுகளில் இருப்பவர்கள் தம் விருப்பப்படி வெளியே போக முடியாது. தமக்கோ பிறருக்கோ ஆபத்து நேரலாம் என்ற மருத்துவ முடிவால் அங்கே இருப்பவர்கள் சிலர். நீதிமன்றத்தின் வழியாக வந்தவர்கள் வேறு சிலர். நம் நாட்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 342ஆவது பிரிவின்கீழ், ஒருவரை மனநலப் பரிசோதனைக்காக மருத்துவமனையில் வைக்கலாம். சம்பவம் நடந்தபோது மனநிலை பாதிக்கப்பட்டிருந்தார் என்ற காரணத்தால் வழக்கிலிருந்து விடுவிக்கப்படுபவரை, 348ஆவது பிரிவின்கீழ், மாநில ஆட்சியாளரின் இசைவு உள்ளவரை அங்கேயே வைத்திருக்கலாம். சிறையில் தண்டனை அனுபவிப்பவருக்கு விடுதலைத் தேதி என்று ஒன்று உண்டு. இவர்களில் பலருக்கு அது கிடையாது.

1911இல் தொடங்கிய உலு கிந்தா பஹாகியா மருத்துவமனையும், 1937இல் ஜொகூர் பாருவில் எழுந்த பெர்மாய் மருத்துவமனையும் நமக்குத் தெரிந்த பெயர்கள்தாம். முதலாவது இருக்கும் ஊரின் பெயரான 'தஞ்சோங் ரம்புத்தான்' என்பதையே கேலிச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அங்கே உறவினரை அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருப்பவர்களுக்கு அந்தக் கேலி எப்படிக் கேட்கும் என்பதை நாம் யோசிப்பதில்லை. இந்தக் கட்டுரை முதலில் அவர்களுக்காக.

மனநல மருத்துவமனைகளில் சிகரெட்டுக்குப் பழைய இடம் ஒன்று இருந்தது. பல நாடுகளில், பல பத்தாண்டுகளாக, சொன்னதைக் கேட்டால் ஒரு சிகரெட், மருந்தைச் சாப்பிட்டால் இன்னொன்று என்று பரிசாகக் கொடுத்தார்கள். நோயாளிகளுக்குள் அது பணம் போலப் புழங்கியது. ஊழியரும் நோயாளியும் சேர்ந்து நின்று புகைப்பது நட்பின் அடையாளமாகக் கருதப்பட்டது. பொழுது போகாத இடத்தில் அடுத்த சிகரெட் நேரம்தான் கடிகாரம். இந்தப் பழக்கத்துக்குள் இரண்டு வெவ்வேறு திசைகளிலிருந்து விதிகள் நுழைந்தன. ஒன்று சுகாதாரச் சட்டம். மற்றது, பலர் எதிர்பார்க்காத ஒன்று: பசுமைக் கட்டடச் சான்றிதழ்.

கட்டடத்துக்குப் போடும் மதிப்பெண்

பசுமைக் கட்டடம் என்றதும் கூரையில் சூரியத் தகடும் சுவரில் செடியும்தான் நினைவுக்கு வரும். உண்மையில் மதிப்பெண் பட்டியலில் ஒரு பெரிய பகுதி உள்ளே இருப்பவர்கள் சுவாசிக்கும் காற்றைப் பற்றியது. மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கட்டடத்தை இறுக மூடி, குளிரூட்டிய காற்றையே சுற்றிச் சுற்றி விட்டால், ஒரு மூலையில் எழும் புகை எல்லா அறைகளுக்கும் போய்விடும். ஆகவே பசுமைச் சான்றிதழ் தருபவர்கள் புகையில் கண்டிப்பாக இருக்கிறார்கள். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

1993இல் உருவான அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றத்தின் 'லீட்' சான்றிதழ் இவற்றில் உலகமெங்கும் அறியப்பட்ட ஒன்று. அதில் புகையிலைப் புகைக் கட்டுப்பாடு, மதிப்பெண் வாங்கித் தரும் அம்சம் அல்ல; முன்நிபந்தனை. அதாவது மற்ற எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் எடுத்தாலும், இது இல்லையென்றால் சான்றிதழே கிடையாது. கட்டடத்துக்குள் புகைக்கக்கூடாது. வெளியே புகைக்க இடம் ஒதுக்கினால், அது நுழைவாயில்கள், வெளிக்காற்றை உள்ளிழுக்கும் துவாரங்கள், திறக்கக்கூடிய சன்னல்கள் ஆகிய எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது 25 அடி, ஏறத்தாழ 7.5 மீட்டர், தள்ளி இருக்க வேண்டும். நமது 'கிரீன் பில்டிங் இண்டெக்ஸ்' 2009இல் வந்தது. அது கேட்கும் தூரம் இன்னும் அதிகம், 10 மீட்டர். ஆனால் அங்கே இது ஒரு மதிப்பெண்ணுக்கு உரிய அம்சம்தான், முன்நிபந்தனை அல்ல.

அலுவலகக் கோபுரத்துக்கு 25 அடி பெரிய விஷயமில்லை. கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் ஒரு பந்தல் போட்டால் முடிந்தது. பாதுகாப்பு வார்டுக்கு அப்படிச் செய்ய முடியாது. அங்கே இருப்பவர்களுக்குக் கிடைக்கும் ஒரே வெளியிடம், நான்கு பக்கமும் கட்டடம் சூழ்ந்த முற்றம். தப்பிச் செல்ல முடியாதபடியும், ஊழியர் கண்ணுக்கு முழுதும் தெரியும்படியும் அதை வேண்டுமென்றே சிறிதாக அமைப்பார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு பூப்பந்து மைதானங்களைப் பக்கம் பக்கமாகப் போட்டால் 13.4 மீட்டர் நீளம், 12.2 மீட்டர் அகலம். வார்டுக்குள் ஒரு முற்றத்துக்கு அது மோசமான அளவு இல்லை. ஆனால் நான்கு பக்கமும் கதவோ திறக்கும் சன்னலோ இருந்தால், நட்ட நடுவில் நிற்பவர்கூட அருகிலுள்ள சுவரிலிருந்து 6.1 மீட்டர்தான் தள்ளி இருப்பார். லீட் கணக்கில் அந்த முற்றத்தில் புகைக்கத் தகுந்த ஓர் அங்குல இடம்கூட இல்லை. 7.5 மீட்டர் விதி நிறைவேற, முற்றம் இரு திசையிலும் 15 மீட்டரைத் தாண்ட வேண்டும். 10 மீட்டர் விதிக்கு 20 மீட்டர். அதைத் தாண்டினாலும் கிடைப்பது நடுவில் ஒரு சிறு கட்டம் மட்டுமே.

முன்பு இதற்கு ஒரு மாற்று வழி இருந்தது. லீட் 2009 பதிப்பில் கட்டடத்துக்குள்ளேயே தனிப் புகையறை அமைக்கலாம். அந்த அறையின் காற்று நேராக வெளியே போக வேண்டும், திரும்பி உள்ளே சுற்றக்கூடாது. சுவர்கள் கூரைத்தளம் வரை முழுமையாக எழ வேண்டும். அறையின் காற்றழுத்தம் சுற்றியுள்ள இடங்களைவிடச் சராசரியாக 5 பாஸ்கல் குறைவாக இருக்க வேண்டும். அப்போது கதவிடுக்கு வழியாகக் காற்று உள்ளேதான் போகும், புகை வெளியே கசியாது. செலவு பிடித்த ஏற்பாடு. குளிரூட்டிய காற்றை நாள் முழுதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். 2013இல் வெளிவந்த நான்காம் பதிப்பு, குடியிருப்புகளுக்கு மட்டும் தனி வழி வைத்துவிட்டு, மற்றக் கட்டடங்களுக்கு இந்தப் புகையறை வழியை மூடிவிட்டது. 25 அடி விதியைச் செயல்படுத்தச் சட்டமே தடையாக இருந்தால் அதற்குச் சான்று காட்டலாம் என்ற சிறு விலக்கு மட்டும் மிச்சம்.

இங்கே ஒரு விநோதம் எழுகிறது. விதி சொல்வது 'திறக்கக்கூடிய' சன்னல்களை. எனவே முற்றத்தைப் பார்த்த சன்னல்களை எல்லாம் நிரந்தரமாக அடைத்துவிட்டால், தூரக் கணக்கு சுலபமாகிவிடும். சிலர் புகைப்பதற்காக அத்தனை பேரும் இயற்கைக் காற்றை இழக்க வேண்டும். பாதுகாப்பு வார்டுகளில் சன்னல்கள் ஏற்கெனவே சில சென்டிமீட்டருக்கு மேல் திறப்பதில்லை. அந்தச் சில சென்டிமீட்டரையும் மூடினால் கிடைப்பதைப் பசுமை என்று அழைக்க எனக்குத் தயக்கம்தான்.

ஆக, பசுமைச் சான்றிதழ் கேட்கும் மருத்துவமனைக்கு மிக எளிய வழி, புகைப்பதை முழுவதுமாகத் தடை செய்துவிடுவது. தூரத்தைப் பற்றிய விதி இப்படிச் சத்தமில்லாமல் முழுத் தடையாகிவிடுகிறது. தடை நல்லதாகவே இருக்கலாம். ஆனால் பூட்டி வைக்கப்பட்ட மனிதரின் ஒரு பழக்கத்தைப் பறிக்கும் முடிவை, கட்டட வரைபடத்தில் அளவுகோல் வைப்பவர் எடுக்கலாமா? இந்தக் கேள்வி, கட்டடத் துறை வழியாக அல்லாமல் சுகாதாரச் சட்டத்தின் வழியாக, பிரிட்டனில் இரண்டு முறை நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

ரேம்ப்டனும் கார்ஸ்டேர்ஸும்

இங்கிலாந்தில் 2007ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி பொது இடங்களில் புகைத்தல் தடை வந்தது. மனநலப் பிரிவுகளுக்கு மட்டும் ஓராண்டு அவகாசம் கிடைத்தது. 2008ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி அதுவும் முடிந்தது. வெளியே போக அனுமதி உள்ள நோயாளிக்கு அதனால் பெரிய சிக்கல் இல்லை. நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள ரேம்ப்டன் உயர் பாதுகாப்பு மருத்துவமனையில் நிலைமை வேறு. பாதுகாப்புக் காரணங்களால் புகைப்பதற்காக ஒவ்வொருவரையும் வெளியே அழைத்துப் போக முடியாது. எனவே கட்டடத்துக்குள் தடை என்றாலே அவர்களுக்கு அது முழுத் தடை. சிலர் வழக்குத் தொடுத்தார்கள். 'இது எங்கள் வீடு. இங்கேதான் ஆண்டுக்கணக்கில் வாழ்கிறோம். வீட்டுக்குள் புகைப்பவரை யாரும் தடுப்பதில்லையே' என்பது அவர்கள் வாதத்தின் சாரம். அந்தக் காலத்தில் இங்கிலாந்துச் சிறைகளில்கூடக் கைதி தன் அறைக்குள் புகைக்கலாம் என்பதும் அவர்களுக்குச் சாதகமாக இருந்தது.

2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இருவருக்கு ஒருவர் என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. உயர் பாதுகாப்பு மருத்துவமனை தனியார் வீட்டுக்கு ஈடாகாது, அங்கே புகைப்பதைத் தடுப்பது தனிவாழ்க்கை உரிமையை மீறுவதாகாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதினார்கள். மூன்றாவது நீதிபதி மாறுபட்டார்.

ஸ்காட்லாந்தின் கார்ஸ்டேர்ஸில் உள்ள அரசாங்க உயர் பாதுகாப்பு மருத்துவமனை இன்னும் ஒரு படி மேலே போனது. 2011 டிசம்பரில் அங்கே வளாகம் முழுவதும் தடை வந்தது. புகையிலையை வைத்திருப்பதே குற்றமாயிற்று. சோதனை போட்டுப் பறிமுதலும் செய்தார்கள். நோயாளி ஒருவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2017 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பு இரண்டாகப் பிரிந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. மருத்துவமனையை நிர்வகிக்கும் அதிகாரத்தின்கீழ், புகைக்கக்கூடாது என்று சொல்ல நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. ஆனால் ஒருவரின் உடைமையைத் தடை செய்து, சோதித்து, பறிமுதல் செய்வதற்கு மனநலச் சட்டம் தனியாக நடைமுறை வகுத்திருக்கிறது. அந்த நடைமுறையைப் பின்பற்றாததால் அந்தப் பகுதி சட்டவிரோதம் என்று நீதிமன்றம் கூறியது. நோயாளிக்கு இழப்பீடு எதுவும் கிடைக்கவில்லை.

எனக்கு இந்த இரண்டாவது தீர்ப்பே பொருத்தமாகப் படுகிறது. புகைக்க உரிமை உண்டென்று அது சொல்லவில்லை. ஆனால் அடைத்து வைக்கப்பட்டவரின் சட்டைப் பையில் கை வைப்பதற்குமுன், எந்தச் சட்டத்தின்கீழ் என்று பதில் சொல்லவேண்டும் என்கிறது. 'வளாகக் கொள்கை' என்றோ 'சான்றிதழ் நிபந்தனை' என்றோ அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டினால் அந்தப் பதில் ஆகிவிடாது.

தடையால் கலவரம் வருமா?

சிகரெட்டைப் பிடுங்கினால் வார்டில் அடிதடி பெருகும் என்பது ஊழியர்களிடையே நெடுநாள் அச்சம். தென் லண்டனின் மோட்ஸ்லி மனநல மருத்துவமனைக் குழுமம் 2014 அக்டோபரில் முழுத் தடையைக் கொண்டுவந்தது. அதற்கு முன்னும் பின்னும் பதிவான சம்பவங்களை ஆராய்ந்த ஆய்வு 2017இல் வெளியானது. தடைக்குப் பிறகு மாதாந்திரத் தாக்குதல் சம்பவங்கள் 39 விழுக்காடு குறைந்திருந்தன. யோசித்தால் வியப்பில்லை. 'ஒன்று கொடு' என்ற கடன் சண்டையும், 'எப்போது வெளியே விடுவீர்கள்' என்ற கெஞ்சலும், லைட்டருக்கான வாக்குவாதமும் அதோடு போய்விடுகின்றன. ஆனால் அங்கே வெறுமனே பூட்டுப் போடவில்லை. நிக்கோடின் பட்டை முதலிய உதவிகளும் ஊழியர் பயிற்சியும் சேர்ந்தே வந்தன.

'மனக்கஷ்டத்தில் இருப்பவருக்கு அந்த ஒரு சிகரெட்தான் ஆறுதல்' என்று நம் வீடுகளிலும் சொல்வோம். நிக்கோடின் குறையும்போது வரும் பதற்றத்தை அடுத்த சிகரெட் தணிக்கிறது. அந்தப் பதற்றத்தை உண்டாக்கியதும் முந்தைய சிகரெட்தான். புகைப்பதை விட்டவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் குறைவதை, மனநல நோயாளிகளையும் சேர்த்து, 2014இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு காட்டியது. கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்பே இறந்துபோகிறார்கள். அதற்குப் பெரும்பாலும் காரணம் இதயநோய், நுரையீரல் நோய் போன்ற உடல்நோய்களே. இதைத் தெரிந்துகொண்டு சிகரெட்டைப் பரிசாகக் கொடுத்துக்கொண்டிருப்பதை இரக்கம் என்று சொல்ல முடியாது.

குடும்பத்தார் தெரிந்துகொள்ள வேண்டிய மருந்துக் கணக்கு

நம் நாட்டில் மருத்துவமனைகள் 2004ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டு விதிமுறைகளின்கீழேயே புகைக்கக்கூடாத இடங்கள். 2024ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி நடப்புக்கு வந்த 852ஆவது சட்டத்தின்கீழ் மின்சிகரெட்டுக்கும் அதே தடைதான். இங்கிலாந்தின் பல மருத்துவமனைகள் சிகரெட்டுக்குப் பதிலாக வேப்பை அனுமதித்து நிலைமையைச் சமாளிக்கின்றன. நமக்கு அந்த வழி இல்லை. சிங்கப்பூரில் வேப் வைத்திருப்பதே 2018இலிருந்து குற்றம். எனவே இங்கே 25 அடியா, 10 மீட்டரா என்ற வாதத்துக்கு இடமில்லை. சட்டமே முடிவு செய்துவிட்டது. மிஞ்சுவது, திடீரென்று நிறுத்தப்படும் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான்.

மற்ற மருந்துகளுக்கு மசியாத சிஸோஃப்ரீனியாவுக்கு மருத்துவர்கள் குளோசபின் என்ற மருந்தைத் தருவார்கள். ஒலான்சபின் இன்னொரு பரவலான மருந்து. இரண்டையும் கல்லீரலில் உள்ள ஒரே நொதிதான் பெருமளவு சிதைக்கிறது. சிகரெட் புகையில் உள்ள தார்ப் பொருள்கள் அந்த நொதியை வேகப்படுத்துகின்றன. அதனால் நிறையப் புகைப்பவருக்கு மருந்து சீக்கிரம் கரைந்துபோகும். மருத்துவர் அதற்கேற்பக் கூடுதல் அளவு கொடுத்திருப்பார். வேகப்படுத்துவது நிக்கோடின் அல்ல, புகை. ஆகவே நிக்கோடின் பட்டை ஒட்டினாலும் சூயிங்கம் மென்றாலும் இந்த விளைவு வராது.

இப்போது அவர் வார்டுக்குள் வருகிறார். சிகரெட் அன்றே நிற்கிறது. சில நாள்களில் நொதியின் வேகம் தணிகிறது. அதே மாத்திரை, அதே அளவு. ஆனால் இரத்தத்தில் குளோசபின் ஏறத்தாழ பாதி அளவு கூடிவிடலாம், சிலருக்கு இன்னும் அதிகமாகலாம். அளவுக்கு மீறிய தூக்கம், வாயில் எச்சில் வழிதல், கடும் மலச்சிக்கல், மிகவும் கூடினால் வலிப்பு வரை போகலாம். பார்க்கப்போன அம்மா, 'பிள்ளையை மருந்து கொடுத்துத் தூங்க வைத்திருக்கிறார்கள்' என்று அழுவதற்குப் பின்னால் சில நேரம் இதுவும் இருக்கலாம். மருத்துவர்கள் இதை எதிர்பார்த்து இரத்த அளவைப் பார்த்து, மாத்திரையைப் படிப்படியாகக் குறைப்பார்கள். அவர் முன்பு ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் புகைத்தார் என்பதை மருத்துவரிடம் சரியாகச் சொல்லக்கூடியவர்கள் குடும்பத்தார்தாம். வெட்கப்பட்டுக் குறைத்துச் சொல்லாதீர்கள்.

இதன் மறுபக்கம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. மாதக்கணக்கில் புகைக்காமல் இருந்து, குறைந்த அளவு மருந்தில் நன்றாகத் தேறி, வீட்டுக்கு வருகிறார். வந்த அன்றே ஒரு மாமா தோளில் தட்டி ஒரு பெட்டி வாங்கித் தருகிறார். ஓரிரு வாரத்தில் நொதி மீண்டும் வேகமெடுக்கிறது, மருந்து இரத்தத்தில் இறங்குகிறது. பழைய குரல்களும் சந்தேகங்களும் திரும்புகின்றன. மாத்திரையை ஒழுங்காகத்தான் சாப்பிட்டார், அவரும் பொய் சொல்லவில்லை, வீட்டாரும் சொல்லவில்லை. ஆனால் 'மருந்தை விட்டுவிட்டான்' என்ற பழி அவர்மேல் விழுகிறது. பார்க்கப் போகும்போது சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு அடியில் சிகரெட்டை மறைத்துக் கொடுப்பதிலும் இதே ஆபத்து உண்டு. மருத்துவர் ஓர் அளவைக் கணக்கிட்டுக்கொண்டிருப்பார், புகை அதைக் கலைத்துக்கொண்டிருக்கும்.

கோப்பியும் இந்தக் கணக்கில் சேர்ந்தது. காஃபீனைச் சிதைப்பதும் அதே நொதிதான். புகைப்பதை நிறுத்தியவர் வழக்கம்போல் நாளுக்கு நான்கைந்து கோப்பி ஓ குடித்தால் படபடப்பும் தூக்கமின்மையும் வரலாம். அதைச் சிகரெட் இல்லாத ஏக்கம் என்று தவறாக எண்ணிக்கொள்வதும் உண்டு.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. இந்த மருந்தளவு, புகைக்காத நிலையில் நிர்ணயித்ததா? மீண்டும் புகைக்கத் தொடங்கிவிட்டால் யாரிடம், எவ்வளவு சீக்கிரம் சொல்ல வேண்டும்? நிக்கோடின் பட்டை தொடர்ந்து தேவைப்பட்டால் அருகிலுள்ள எந்த அரசாங்கக் கிளினிக்கில் கிடைக்கும்? மருந்தளவை நாமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. குளோசபின் எடுப்பவர்களுக்கு வெள்ளணு எண்ணிக்கையைப் பார்க்க இரத்தம் எடுக்கும் தேதி எப்படியும் குறித்திருப்பார்கள். இரத்தத்தில் மருந்தின் அளவையும் பார்க்க முடியுமா என்று அந்த நாளிலேயே கேட்கலாம்.